டியூஷன் லேப்டாப்பில் பார்ட்டிஷன் எல்லாம் டெலீட் ஆகிவிட்டது, ஓஎஸ் மறுபடி போடும் முன் உதவி வேண்டும்

தண்டையார்பேட்டை டியூஷன்:
வணக்கம். தண்டையார்பேட்டையில் சாயங்கால வகுப்பு நடத்துகிறோம், கட்டணம் கிடையாது, ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை பிள்ளைகள் வருகிறார்கள். வகுப்புக்கென்று ஒரு பழைய ஆபீஸ் லேப்டாப் இருக்கிறது. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ரொம்ப மெதுவாகிவிட்டது என்று, எங்களிடம் படித்து இப்போது பாலிடெக்னிக் போகும் தம்பி ஒருவன் விண்டோஸை மறுபடி போட்டுத் தருகிறேன் என்று உட்கார்ந்தான். பென்டிரைவில் பூட் செய்து, டிஸ்க் பட்டியல் வரும் இடத்தில் சி டிரைவை மட்டும் அழிப்பதற்குப் பதில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக டெலீட் கொடுத்துவிட்டான். இப்போது திரையில் 'டிரைவ் 0, அன்அலகேட்டட் ஸ்பேஸ், 465.8 ஜிபி' என்று, அதாவது டிஸ்க் முழுக்க ஒதுக்கப்படாத இடம் என்று, ஒரே ஒரு வரி. கீழே நெக்ஸ்ட் பட்டன். பயந்துபோய் அங்கேயே கையை எடுத்துவிட்டான், நானும் எதையும் தொடவில்லை.

சி டிரைவில் ஒன்றுமில்லை. டி டிரைவில்தான் எல்லாம்: பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன்கள், வினாத்தாள்கள், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் புத்தகங்கள் நனைந்த பிறகு நாங்களே உட்கார்ந்து தட்டச்சு செய்த பாடக்குறிப்புகள், அப்புறம் முதல் பேட்ச் பிள்ளைகளின் போட்டோக்கள். காப்பி எங்கும் இல்லை. நாளை சாயங்காலம் வகுப்பும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
அக்கா, நெக்ஸ்ட் கொடுத்து முதலில் விண்டோஸைப் போட்டுவிடுங்கள், அரை மணி நேர வேலை. சிஸ்டம் எழுந்ததும் ரெக்கவரி சாஃப்ட்வேர் ஏதாவது இறக்கி ஓட்டினால் ஃபைல்கள் வந்துவிடும். ஓஎஸ் இல்லாத லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்ய முடியும்?

ராயபுரம் ரிப்பேர்:
வேண்டாம்! நெக்ஸ்ட் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து லேப்டாப்பை அணைத்துவிடுங்கள், அந்தப் பென்டிரைவையும் உருவிவிடுங்கள், யாரும் தெரியாமல் மறுபடி பூட் செய்துவிடக் கூடாது. மற்றதை அப்புறம் பேசுவோம்.

விஷயம் இதுதான். அந்தத் திரையில் டெலீட் கொடுத்தால் உடனே டிஸ்க்கில் எழுதிவிடும், திரும்பப் பெறும் பட்டன் கிடையாது. ஆனால் அது அழிப்பது பார்ட்டிஷன் டேபிளை மட்டும்தான், அதாவது எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பை. தெருவில் கதவு எண் பலகைகளைக் கழற்றிவிட்ட மாதிரி, வீடும் உள்ளே இருக்கும் சாமானும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நெக்ஸ்ட் கொடுத்த நொடியில்தான் புது பார்ட்டிஷன் உருவாகி, குயிக் ஃபார்மேட் ஆகி, அதன்மேல் விண்டோஸின் ஃபைல்கள் இருபது ஜிபிக்குக் குறையாமல் போய் உட்காரும். அதோடு நிற்காது. அப்டேட், பேஜ் ஃபைல், தற்காலிக ஃபைல் என்று விண்டோஸ் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும், அது எந்த இடத்தில் போய் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. காணாமல் போன ஃபைல் இருக்கும் அதே டிஸ்க்கில் ரெக்கவரி மென்பொருளை இறக்குவது இன்னும் மோசம்.

தம்பியைத் திட்டாதீர்கள். நெக்ஸ்ட் கொடுக்காமல் கையை எடுத்தானே, அதுவே பெரிய காரியம். என் மேசைக்கு வருகிற கேஸ்களில் பெரும்பாலானவர்கள் பதற்றத்தில் ஓஎஸ் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

இன்னொன்று, 465.8 என்று பார்த்துவிட்டு மிச்சம் 34 ஜிபி எங்கே என்று கவலைப்பட வேண்டாம். டிஸ்க் செய்கிறவர்கள் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார்கள், விண்டோஸ் 1024ஆல் மூன்று முறை வகுக்கிறது. டிஸ்க் முழுசாகத்தான் தெரிகிறது, அது நல்ல செய்தி.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
அண்ணே, நீங்கள் சொல்வது சரி, ஆனால் நாளைக்கு வகுப்பு இருக்கிறதே. ரெக்கவரி என்று கடையில் கொடுத்தால் வாரக்கணக்கில் இழுப்பார்கள், பிள்ளைகளின் படிப்பு நிற்கும். அதற்காகத்தான் சொன்னேன்.

திருவொற்றியூர் தேரடி:
இரண்டையும் ஒரே டிஸ்க்கில் செய்ய நினைப்பதால்தான் இந்த இழுபறி. ஆறாம் தலைமுறை ஆபீஸ் லேப்டாப், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் என்றால் அநேகமாகச் சாதாரண இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க்தான் உள்ளே இருக்கும். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி அதை வெளியே எடுத்து ஓரமாக வையுங்கள். அந்த இடத்தில் ஒரு 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத, வேகமான டிஸ்க்) போட்டு, அதில் புதிதாக ஓஎஸ் ஏற்றுங்கள். வகுப்பும் நடக்கும், பழைய டிஸ்க்கில் ஒரு பைட்டும் எழுதப்படாது. இத்தனை நாள் மெதுவாக ஓடியதற்கும் அந்த ஹார்ட் டிஸ்க்தான் முக்கியக் காரணமாக இருந்திருக்கும், அதுவும் இதிலேயே சரியாகிவிடும்.

வாங்க வேண்டியவை: எஸ்எஸ்டி, சாட்டாவிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் அல்லது டிஸ்க்கை உள்ளே வைக்கும் கேஸ், பழைய டிஸ்க்கைவிடப் பெரிய ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க். எக்ஸ்டர்னல் யாரிடமாவது இரவல் கிடைத்தாலும் போதும், ஆனால் காலியாக இருக்க வேண்டும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம். ஞாயிறு வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். எஸ்எஸ்டிக்கு பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள்.

தண்டையார்பேட்டை டியூஷன்:
அணைத்துவிட்டேன், பென்டிரைவையும் எடுத்துவிட்டேன். எஸ்எஸ்டிக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து பணம் போடுகிறார்கள். ஒரு சந்தேகம்: புது டிஸ்க்கில் விண்டோஸ் போட்டால் லைசென்ஸ் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? பக்கத்தில் ஒரு கடையில் கேட்டதற்கு, நாங்களே ஆக்டிவேட் செய்து தருகிறோம், கீ எல்லாம் தேவையில்லை என்றார்கள்.

ராயபுரம் ரிப்பேர்:
அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள் அம்மா. கீ இல்லாமல் ஆக்டிவேட் செய்கிறோம் என்றால் கிராக் மென்பொருள் ஓட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். அதை ஓட்டுவதற்கு முதலில் ஆண்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். பிள்ளைகளின் சான்றிதழும் ஆதார் நகலும் இருக்கப் போகிற மெஷினில் அது கூடவே கூடாது.

விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்ற லேப்டாப்களில் கீ மதர்போர்டின் பயாஸிலேயே பதிந்திருக்கும். விண்டோஸ் 10இல் ஆக்டிவேட் ஆன மெஷின் என்றால் டிஜிட்டல் லைசென்ஸாக மைக்ரோசாஃப்டின் சர்வரிலும் மதர்போர்டோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். டிஸ்க்கை மாற்றினால் இவை போகாது, மதர்போர்டை மாற்றினால்தான் சிக்கல். இன்ஸ்டால் செய்யும்போது கீ கேட்டால், கீ இல்லை என்ற தெரிவைக் கொடுத்து, முன்பு இருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். ஹோம் இருந்த இடத்தில் ப்ரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. நெட் கிடைத்ததும் தானாக ஆகிவிடும்.

பென்டிரைவ் 8 ஜிபியாவது இருக்கட்டும், அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கித் தயார் செய்யுங்கள். பூட் மெனுவுக்கு டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9. ஓஎஸ் ஏறும்போது பழைய டிஸ்க் எந்த வழியிலும் மெஷினோடு இணைந்திருக்கக் கூடாது, பட்டியலில் ஒரே ஒரு டிஸ்க்தான் தெரிய வேண்டும். தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க அப்போது வழியே இல்லை.

ஓஎஸ் எழுந்ததும் வைஃபை வேலை செய்யாவிட்டால் பதற வேண்டாம், டிரைவர் இல்லை என்பதுதான் காரணம். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும், பிறகு விண்டோஸ் அப்டேட்டே மற்ற டிரைவர்களைக் கொண்டுவரும்.

வியாசர்பாடி லினக்ஸ்:
அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். ஆறாம் தலைமுறை இன்டெல்லில் விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு தருவதில்லை, எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் வீட்டு உபயோக மெஷின்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே இன்று புதிதாக ஒரு ஓஎஸ் போடுவதென்றால் இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ் மின்ட் 22 போடுவதுதான் இந்த மெஷினுக்கு நியாயம். 2029 வரை அப்டேட் வரும், 8 ஜிபி ராமில் தாராளமாக ஓடும், லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது, தமிழ் 99 விசைப்பலகையும் உண்டு.

பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்குமே என்று தயங்க வேண்டாம். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற ஓஎஸ்ஸும் சேர்ந்தே வந்தது. அதை உருவாக்கியது நம் சென்னையில் இருக்கும், மத்திய அரசின் சி-டாக் மையம்தான். எங்கள் தெருவில் முதன்முதலில் கம்ப்யூட்டர் தொட்டவர்கள் பலர் அதில்தான் தொட்டார்கள். நான் லினக்ஸ் கற்றதும் எங்கள் வீட்டுக்கு அப்படி வந்த ஒரு லேப்டாப்பில்தான், இன்று அதை வைத்துத்தான் சம்பாதிக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
லினக்ஸ் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் யாருக்காவது விண்டோஸில் மட்டும் ஓடும் ஏதாவது தேவைப்பட்டால்? டேலி என்ற கணக்கு மென்பொருள் கற்றுக்கொள்ளும் காமர்ஸ் பிள்ளைகள் இருப்பார்களே.

தண்டையார்பேட்டை டியூஷன்:
பிளஸ் டூ காமர்ஸ் பிள்ளைகள் நான்கைந்து பேர் டேலி பழகுகிறார்கள், உண்மைதான். மற்றவர்களுக்குப் பாடம், வீடியோ, தட்டச்சு, அவ்வளவுதான்.

திருவொற்றியூர் தேரடி:
அப்படியானால் எஸ்எஸ்டியில் முதலில் விண்டோஸ் 10, அதற்குப் பாதி இடம் மட்டும் கொடுங்கள். மிச்சப் பாதியில் மின்ட். வரிசை முக்கியம், விண்டோஸ் முதலில், லினக்ஸ் இரண்டாவது, அப்போதுதான் பூட் மெனு குழப்பமில்லாமல் வரும். நெட் பயன்பாடெல்லாம் மின்டில், டேலி மட்டும் விண்டோஸில் என்று வைத்துக்கொள்ளலாம். மின்ட் இன்ஸ்டாலரில் 'டிஸ்க்கை அழித்து இன்ஸ்டால் செய்' என்றும் ஒரு தெரிவு வரும், அதைத் தொடாமல், விண்டோஸோடு சேர்த்து இன்ஸ்டால் செய்யும் தெரிவைக் கொடுக்கச் சொல்லுங்கள். தம்பி இந்த முறை நிதானமாகப் படித்துச் செய்வான்.

வியாசர்பாடி லினக்ஸ்:
இப்போது பழைய டிஸ்க். மின்ட் பென்டிரைவில் லைவாக, அதாவது நிறுவாமலே, பூட் செய்தாலும் போதும், எஸ்எஸ்டியில் போட்ட மின்டிலிருந்து செய்தாலும் போதும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள், கூடவே ஃபோட்டோரெக் வரும். இரண்டையும் எழுதியவர் கிறிஸ்டோஃப் கிரெனியே. கருப்புத் திரையில் எழுத்தாக ஓடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பழைய டிஸ்க்கை யூஎஸ்பி கேபிளில் மாட்டியதும் 'இனிஷியலைஸ் செய்யவா', 'ஃபார்மேட் செய்யவா' என்று எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். விண்டோஸில் மாட்டினால் அப்படிக் கேட்கலாம், அதனால்தான் லினக்ஸில் செய்யச் சொல்கிறேன்.

முதல் வேலை டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரு இமேஜ் ஃபைலாக (டிஸ்க்கின் அச்சு அசல் நகலாக) அந்த எக்ஸ்டர்னலுக்கு எடுப்பது. பல மணி நேரம் ஆகும், சார்ஜர் மாட்டியே இருக்கட்டும், பழைய பேட்டரியையும் நம் ஏரியா கரண்டையும் நம்ப வேண்டாம். அப்புறம் அந்த இமேஜ் மேல் டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டுங்கள். பார்ட்டிஷன் டேபிள் வகை ஜிபிடியா பழைய எம்பிஆரா என்று அதுவே கண்டுபிடித்துக் காட்டும், அதை மாற்றாதீர்கள். அனலைஸ், பிறகு குயிக் சர்ச். தொலைந்த பார்ட்டிஷன்கள் பட்டியலாக வரும். டி டிரைவ் என்று தோன்றும் வரியில் நின்று 'பி' விசையைத் தட்டினால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களைக் காட்டும். ஃபோல்டர் பெயர்கள் சரியாகத் தெரிந்தால் 'ஏ' தட்டி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பெரிய எழுத்து 'சி' தட்டிக் காப்பி எடுங்கள். 'ரைட்' என்று ஒரு தெரிவு இருக்கும், அது பார்ட்டிஷன் டேபிளைத் திருப்பி எழுதுவது. உங்களுக்கு அது தேவையே இல்லை.

குயிக் சர்ச்சில் வராவிட்டால் டீப்பர் சர்ச். அதிலும் வராவிட்டால்தான் ஃபோட்டோரெக், ஏனென்றால் அது ஃபைல்களைக் கொண்டுவந்தாலும் பெயரும் ஃபோல்டரும் போய்விடும். யாருடைய சான்றிதழ் எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

ராயபுரம் ரிப்பேர்:
டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் இதெல்லாம் எதுவும் செய்யாமல் உடனே நிறுத்திவிட வேண்டும், டிஸ்க்கே பழுதாகிறது என்று அர்த்தம், அது வேறு வேலை.

பெரம்பூர் பிரஸ்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், என் கதையும் இதேதான், ஆனால் மேக். பத்திரிகை டிசைன் செய்யும் 2017 மேக்புக் ஏர். தங்கை அதை விற்பதற்காக டிஸ்க் யூட்டிலிட்டியில் முழு டிரைவையும் அழித்துவிட்டாள். டேட்டா தேவையில்லை, எல்லாம் டைம் மெஷின் பேக்கப்பில் இருக்கிறது. ஆனால் ஆன் செய்தால் கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் ஒன்று மினுக்குகிறது. ஓஎஸ் எப்படிப் போடுவது?

திருவொற்றியூர் தேரடி:
ரிகவரி பகுதியும் சேர்ந்து அழிந்திருக்கும். அணைத்துவிட்டு, ஆன் செய்த உடனே ஆப்ஷன், கமாண்ட், ஆர் மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். பூமி உருண்டை சுழலும், வைஃபை கேட்கும், ரிகவரியை ஆப்பிளின் சர்வரிலிருந்து இறக்கும். உள்ளே போனதும் டிஸ்க் யூட்டிலிட்டியில் வியூ மெனுவில் எல்லா டிவைஸையும் காட்டச் சொல்லி, மேலே இருக்கும் மூல டிரைவை ஏபிஎஃப்எஸ், ஜியுஐடி பார்ட்டிஷன் மேப் என்று கொடுத்து எரேஸ் செய்யுங்கள். பிறகு ரீஇன்ஸ்டால். அந்த மாடலுக்குக் கடைசியாகக் கிடைப்பது மான்டெரே. ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்தால் வாங்கும்போது வந்த பதிப்போ அதற்கு அடுத்துக் கிடைப்பதோ வரும். 12 ஜிபி அளவுக்கு இறங்கும் என்பதால் போனின் தினசரி டேட்டாவில் முயல வேண்டாம், வீட்டு பிராட்பேண்டில் செய்யுங்கள்.

பெரம்பூர் பிரஸ்:
உருண்டை வந்தது, எரேஸும் ஆனது. ரீஇன்ஸ்டால் கொடுத்தால் ரிகவரி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. நெட் நன்றாகத்தான் இருக்கிறது.

திருவொற்றியூர் தேரடி:
தேதியைப் பாருங்கள். ரொம்ப நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த மெஷினில் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும், ஆப்பிள் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்ப்பது அங்கேயே விழுந்துவிடும். யூட்டிலிட்டீஸில் டெர்மினலைத் திறந்து, டேட் கமாண்டோடு மாதம், நாள், மணி, நிமிடம், வருடம் என்ற வரிசையில் இரண்டிரண்டு இலக்கமாக இடைவெளி விடாமல் கொடுங்கள்.

பெரம்பூர் பிரஸ்:
தேதிதான்! இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது. நன்றி அண்ணா.

தண்டையார்பேட்டை டியூஷன்:
எல்லோருக்கும் நன்றி, டி டிரைவ் கிடைத்துவிட்டது. எஸ்எஸ்டியில் விண்டோஸும் மின்டும் போட்டு வகுப்பு நடந்தது, விண்டோஸ் கீ கேட்காமலே ஆக்டிவேட் ஆனது. இமேஜ் எடுக்க ராத்திரி முழுக்க விட்டோம். டெஸ்ட்டிஸ்க்கில் இரண்டு என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் பார்ட்டிஷன்) வரிகள் பச்சை நிறத்தில் வந்தன. தம்பிதான் 'பி' தட்டினான், ஃபோல்டர் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்ததும் அங்கேயே அழுதுவிட்டான். போட்டோ, சான்றிதழ், பாடக்குறிப்பு எல்லாம் பெயரோடு வந்திருக்கின்றன.

ஒரே ஒரு பிரச்சினை. பழைய வினாத்தாள் சிலவற்றைத் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் குறியுமாக இருக்கிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?

பெரம்பூர் பிரஸ்:
கெடவில்லை, இது என் தொழில், நான் சொல்கிறேன். பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்களில் அடித்தவை. அந்த ஃபான்ட் புது ஓஎஸ்ஸில் இல்லாததால் அப்படித் தெரிகிறது. எந்த ஃபான்ட் என்று வேர்டில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தால் பெயர் தெரியும், அதை நிறுவினால் தமிழ் வந்துவிடும். ஆனால் அதோடு விடாமல் என்ஹெச்எம் கன்வர்ட்டரில் போட்டு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், இனி எந்த மெஷினிலும் போனிலும் திறக்கும். நிறைய இருந்தால் எனக்கு அனுப்புங்கள், கடை நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம்.

ராயபுரம் ரிப்பேர்:
மீட்ட ஃபைல்கள் அந்த இரவல் எக்ஸ்டர்னலில் மட்டும் இருக்க வேண்டாம். எஸ்எஸ்டியில் ஒன்று, வேறொருவர் வீட்டில் ஒரு பென்டிரைவில் ஒன்று என்று இன்றைக்கே காப்பி எடுங்கள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் பத்துப் போட்டோவாவது திறந்து பார்த்த பிறகு எக்ஸ்டர்னலைத் திருப்பிக் கொடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை யாருக்கும் கொடுக்காமல் அப்படியே வைத்திருந்து சனிக்கிழமை என் கடைக்குக் கொண்டுவாருங்கள், தம்பியையும் கூட்டி வாருங்கள். டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட் பார்த்து, டிஸ்க் நன்றாக இருந்தால் கேஸில் போட்டு பேக்கப்புக்கே வைத்துக்கொள்ளலாம், பேட் செக்டர் (கெட்டுப்போன பகுதிகள்) ஏறியிருந்தால் அதை எப்படிப் பார்ப்பது என்று அவனுக்குக் காட்டித் தருகிறேன்.